கல் கிடந்த குழி

1863ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதி. வட பிரான்சில், சோம் ஆற்றங்கரை ஊரான அப்வீலின் சரளைக் குழி ஒன்றிலிருந்து ஒரு மனிதத் தாடை வெளியே வந்தது. பாதித் தாடைதான். அதில் ஒரே ஒரு பல் ஒட்டியிருந்தது. குழியின் பெயர் மூலாங் கினியோன். தாடையைக் கண்டு நெஞ்சு நிறைந்து நின்றவர் ழாக் பூஷே தெ பெர்த். சுங்கத் துறை அதிகாரியாக இருந்தவர், அப்போது அவருக்கு வயது 74. அந்த ஆற்றுச் சரளையில், அழிந்துபோன யானைகளின் எலும்புகளோடு சேர்ந்து கிடந்த சிக்கிமுக்கிக் கல் கோடாரிகளை அவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்து வந்தார். அந்த யானைகள் திரிந்த காலத்தில் மனிதனும் திரிந்திருக்கிறான் என்றார். அறிஞர்கள் சிரித்தார்கள். 1859இல் இங்கிலாந்திலிருந்து ஜோசப் பிரெஸ்ட்விச்சும் ஜான் எவான்ஸும் வந்தார்கள். பக்கத்து ஊரான அமியானில், மண்ணுக்குள் பதிந்தபடியே இருந்த ஒரு கோடாரியைத் தம் கண்ணால் பார்த்துப் புகைப்படமும் எடுத்து, லண்டன் திரும்பி ராயல் சொசைட்டியில் சொன்ன பிறகுதான் சிரிப்பு அடங்கியது.

ஆனாலும் கிழவருக்கு மனம் ஆறவில்லை. கோடாரி கிடைத்துவிட்டது, அதைப் பிடித்த கை கிடைக்கவில்லை. மனித எலும்பைக் கொண்டுவருகிறவருக்கு 200 பிராங்க் தருவதாகக் குழியில் வேலை செய்தவர்களிடம் சொல்லி வைத்திருந்தார். எலும்பு வந்து சேர்ந்தது.

மே மாதம் இரண்டு நாட்டு அறிஞர்களும் பாரிசிலும் பிறகு அப்வீலிலும் கூடிப் பல நாள் விவாதித்தார்கள். தாடையை அறுத்துப் பார்த்தார்கள். உண்மையானதுதான் என்று முடிவாயிற்று. ஆனால் எவான்ஸ் அதே குழியில் கிடைத்த கோடாரிகளின் மேல்தோலைப் பார்த்துவிட்டு, இவை புதிதாகச் செய்தவை என்ற கருத்திலிருந்து நகரவில்லை. அவர் சொன்னதே சரியென்று பின்னால் உறுதியானது. தொழிலாளிகள் எங்கிருந்தோ ஒரு பழைய எலும்பைக் கொண்டுவந்து சரளைக்குள் சொருகியிருந்தார்கள்.

அதே 1863, அதே மே மாதம், 30ஆம் தேதி. பல்லாவரம் படைப்பயிற்சி மைதானத்தில் சரளை எடுப்பதற்காகத் தோண்டிய சிறு குழியொன்றின் பக்கம் இந்தியப் புவியியல் அளவைத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட் குனிந்தார். வயது 28. அவர் கையில் வந்தது மனிதன் செதுக்கிய கல். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்பதற்கு முதல் சான்று அது.

இந்த இரண்டு குழிகளையும் நான் பல வருடங்களாகச் சேர்த்தே நினைத்து வருகிறேன். ஒரு குழியில் ஆசைப்பட்டது கிடைத்தது. இன்னொன்றில் யாரும் எதிர்பாராதது கிடைத்தது. அப்வீலிலிருந்து புறப்பட்ட செய்தி ஃபூட்டின் கண்ணையும் பழக்கியிருந்தது என்பது உண்மைதான். பார்க்கக் கற்றுக்கொள்ளாத கண்ணுக்கு அது வெறும் சரளைக் கல். ஆனால் அவர் பல்லாவரத்தோடு நின்றுவிடவில்லை. மைதானத்துக் குழியில் எடுத்த ஒரு கல்லைச் சுற்றி ஆயிரம் கேள்வி கேட்கலாம். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே, உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கோடு, கொற்றலை ஆற்றுப் பக்கம் போனார். அத்திரம்பாக்கம் ஓடையில் கைக்கோடாரிகள் நிறையக் கிடந்தன. 1866இல் சென்னையில் அவர் வெளியிட்ட கட்டுரை, கற்கருவிகள் செம்புரைக் கல் படிவுகளில் இருப்பதைப் பற்றியது. கருவியைவிட அது இருந்த படிவுதான் அவருக்கு முக்கியம். மனிதனின் வயது கல்லில் எழுதியிருக்கவில்லை, கல்லைச் சுற்றியுள்ள மண்ணில் இருக்கிறது என்பதை அந்தப் புவியியலாளர் முதல் நாளிலிருந்தே புரிந்துகொண்டிருந்தார்.

கூடச் சென்ற வில்லியம் கிங்கின் தந்தை பெயரும் வில்லியம் கிங்தான். அயர்லாந்தின் கால்வே நகரில் பேராசிரியர். ஜெர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் கிடைத்த எலும்புகள் நம்மைச் சேர்ந்தவையல்ல, வேறொரு மனித இனத்துடையவை என்று துணிந்து, அதற்கு நியாண்டர்தால் மனிதன் என்ற அறிவியல் பெயரை முதன்முதலில் முன்வைத்தவர் அவர். அதுவும் 1863இல். அப்பா அயர்லாந்தில் ‘நாம் மட்டுமல்ல’ என்று சொல்லிக்கொண்டிருந்த அதே ஆண்டில், பிள்ளை திருவள்ளூர்ப் பக்கத்து ஓடையில் குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஃபூட்டின் மாமனாரையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனரியாக இருந்தவர். ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழாக்கியவர். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியர். அக்காலத்து ஆங்கில பைபிள்களின் பக்க ஓரத்தில், உலகம் படைக்கப்பட்ட ஆண்டு கி.மு. 4004 என்று ஆயர் அஷர் கணித்த எண்ணை அச்சிடும் வழக்கம் இருந்தது. அப்படி ஒரு புத்தகத்தைத் தமிழில் கொண்டுவர ஆண்டுக்கணக்காக உழைத்தவரின் வீட்டு மருமகனுடைய பெட்டியில் அத்திரம்பாக்கத்துக் கற்கள் இருந்தன. இருவரும் கடைசியில் ஏற்காட்டு மண்ணோடு சேர்ந்தார்கள். அங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ஃபூட்டின் நினைவு இன்னும் இருக்கிறது.

நமக்குப் பெரிய எண்கள் அச்சம் தருவதில்லை. கலியுகம் 4,32,000 ஆண்டு, துவாபரம் 8,64,000, திரேதா 12,96,000 என்று பஞ்சாங்கத்தில் படித்து வளர்ந்தவர்கள் நாம். ஆறாயிரம் ஆண்டுக்குள் உலகத்தை அடைத்து வைத்திருந்த ஐரோப்பியன் ‘லட்சம்’ என்று கேட்டபோது பட்ட பாடு நமக்கு நேரவில்லை. ஆனால் இதில் ஓர் இழப்பும் உண்டு. பாடுபடாமல் கிடைத்த எண் அது. அவர்கள் ஒவ்வொரு ஆயிரம் ஆண்டையும் மண்ணிலிருந்து சண்டை போட்டுப் பெற்றார்கள். நாம் லட்சத்தைக் கேட்டதும் தலையாட்டிவிடுகிறோம்.

அத்திரம்பாக்கத்தில் அப்படித் தலையாட்ட இடமில்லை. 1930களிலிருந்து வி.டி. கிருஷ்ணசாமி உள்ளிட்ட பலர் அந்த ஓடைக்கு வந்து போயிருக்கிறார்கள். சென்னையின் பெயரிலேயே ஒரு கைக்கோடாரிப் பண்பாடு உலகப் புத்தகங்களில் இடம்பெற்றது. எனினும் ‘எவ்வளவு பழையது’ என்ற கேள்விக்கு எண்ணால் விடை கிடைக்க 148 ஆண்டுகள் ஆயின. 1999இல் சென்னையிலுள்ள சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தின் சாந்தி பப்பு தன் குழுவோடு அங்கே தோண்டத் தொடங்கினார். குமார் அகிலேஷ் அந்தப் பணியில் நெடுங்காலத் துணை. அகழ்வு ஏறத்தாழ 9 மீட்டர் ஆழம் வரை போயிற்று. அடியில் மெல்லிய ஏடுகளாகப் படிந்த களிமண். அதற்குள் கைக்கோடாரிகள். 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த முடிவு: சராசரியாக 15 லட்சம் ஆண்டு, எப்படிக் குறைத்தாலும் 10 லட்சத்துக்கு மேல்.

அந்த எண் வந்த வழியை நான் படித்த இரவு இன்னும் நினைவிருக்கிறது. வானத்திலிருந்து ஓயாமல் பொழியும் கதிர்கள் வெட்டவெளியில் கிடக்கும் கல்லைத் துளைக்கின்றன. கல்லில் உள்ள குவார்ட்ஸுக்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இருவகை அணுக்கள் மிக மிகச் சிறிய அளவில் உண்டாகின்றன. கல் ஆழப் புதைந்துவிட்டால் கதிர் எட்டாது. உண்டாவது நின்று, இருந்தது கரையத் தொடங்கும். அலுமினியம் சுமார் 7 லட்சம் ஆண்டில் பாதியாகும். பெரிலியம் பாதியாக அதைப்போல் இரு மடங்கு காலம் பிடிக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் கரையாததால், மிச்சமிருப்பதை ஒப்பிட்டுக் காலத்தைக் கணக்கிடலாம். அங்கே தோண்டியெடுத்த கற்கருவிகளையே இப்படி அளந்திருக்கிறார்கள். கூடவே, களிமண்ணில் உள்ள இரும்புத் துகள்கள் படிந்த நாளில் காந்த முள் எந்தப் பக்கம் நோக்கியிருக்கும் என்றும் பார்த்தார்கள். தலைகீழாக, தெற்கே நோக்கி இருந்தது. பூமியின் காந்தப்புலம் இப்போதுள்ள திசைக்குத் திரும்பி ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் களிமண் அதற்கும் மூத்தது.

முதல் கணக்கை நிதானமாக யோசித்துப் பாருங்கள். அது பாறை பிறந்த காலத்தைச் சொல்வதில்லை. யாரோ அதைச் செதுக்கிய நாளையும் சொல்வதில்லை. கதிர் எட்டாத ஆழத்தில் அந்தக் கல் எவ்வளவு காலம் கிடந்தது என்பதைச் சொல்கிறது. அத்திரம்பாக்கத்து மேலடுக்குகளை அளக்கப் பயன்பட்ட இன்னொரு முறையும் இப்படித்தான்: ஒரு மணல்மணி கடைசியாக வெயிலைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று கேட்கிறது. மீண்டும் வெயில் பட்டால் அந்தக் கணக்கு அழிந்துவிடும். அதனால் மாதிரி எடுப்பவர்கள் மண்ணை வெளிச்சம் புகாத குழாய்க்குள் வாங்கி, மங்கலான சிவப்பு விளக்கின் கீழ் ஆய்வகத்தில் பிரிக்கிறார்கள். இருட்டைக் கலையாமல் எடுத்துச் செல்வதே அந்த வேலையில் பாதி.

புதிர்ப் பொருள்கள் என்று அவ்வப்போது உலகைச் சுற்றிவருபவற்றை இதனருகே வைத்துப் பார்க்கிறேன். பாறைக்குள் சுத்தியல், நிலக்கரிக்குள் ஆணி என்று வந்துகொண்டே இருக்கும். 1866இல் கலிபோர்னியாவின் தங்கச் சுரங்கமொன்றில் எரிமலைக் குழம்புப் படிவின் அடியிலிருந்து எடுத்ததாகச் சொன்ன கலாவராஸ் மண்டையோட்டை, அம்மாநிலத்தின் தலைமைப் புவியியலாளர் விட்னியே நம்பினார். பிற்காலத்தில் கரிமக் காலக்கணிப்பு அதற்கு ஆயிரம் ஆண்டு வயதுதான் தந்தது. இத்தகைய பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொது அடையாளம் இருக்கிறது. பொருள் நம் முன்னால் இருக்கும். அது கிடந்த மண் இருக்காது. ‘எடுத்தவர் சொன்னார்’ என்ற சொல் மட்டும் இருக்கும். மண்ணைத் தொலைத்த கல் எதையும் சொல்லும். நாம் கேட்க விரும்புவதை எல்லாம் சொல்லும்.

ஃபூட் 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் இறந்தார். அதற்குப் பதினொரு நாள் முன்பு, டிசம்பர் 18 அன்று, லண்டன் புவியியல் சங்கத்தில் பில்ட்டவுன் மனிதன் அறிமுகமானான். இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதிச் சரளைக் குழியில் கிடைத்ததாகச் சொன்னார்கள். பெரிய மூளை, குரங்குத் தாடை. மனிதனின் தொடக்கம் இங்கிலாந்து என்று ஆகிவிட்டது. முதல் கல்லைக் கண்ட நாளில் ஒரு போலித் தாடையும், போகும் நாளில் இன்னொரு போலித் தாடையுமாக அந்த மனிதரின் வாழ்க்கையின் இரு கரையிலும் இவை நிற்பதை நினைக்கும்போது மனம் கனத்துப்போகிறது. பில்ட்டவுன் 1953 வரை, 41 ஆண்டுகள் தாங்கியது. மண்டையோடு நம் காலத்துக்கு நெருங்கிய மனிதனுடையது, தாடை ஒராங்குட்டானுடையது, பற்களை அரம் போட்டுத் தேய்த்து, சாயம் ஏற்றியிருந்தார்கள்.

போலி செய்தவனைவிட அந்த 41 ஆண்டில் நடந்ததுதான் எனக்கு ஆறாத வலி. 1925இல் தென்னாப்பிரிக்காவின் தாவுங் என்ற ஊரில் கிடைத்த சிறு முகத்தை ரேமண்ட் டார்ட் உலகுக்குக் காட்டினார். மூன்று நான்கு வயதில் இறந்துபோன குழந்தை. மூளை சிறியது, பற்களோ மனிதச் சாயல். நிமிர்ந்து நடந்த இனம் என்றார். பெரும்பாலோர் ஏற்கவில்லை. மூளைதான் முதலில் வளர்ந்தது, அதுவும் ஐரோப்பாவில் வளர்ந்தது என்று பில்ட்டவுன் சொல்லிக்கொடுத்திருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குழந்தை ஒரு குரங்குக் குட்டியாகவே கருதப்பட்டது. பொய்யான மூதாதை ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டதால் உண்மையான மூதாதை வாசலில் நின்றது.

இதை எழுதும்போது நம் பக்கமும் பார்க்கிறேன். 2011 முடிவும், அதன் பிறகு 2018இல் ‘நேச்சர்’ இதழில் அதே இடத்தைப் பற்றி வந்த இன்னொரு கட்டுரையும் செய்தியானபோது, மேடைகளில் தமிழனின் வயது 15 லட்சம் என்று பேச்சு எழுந்தது. எனக்கும் முதலில் நெஞ்சு விம்மியது, மறைக்கவில்லை. நான் பிறந்து வளர்ந்த நிலம். ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் கொற்றலை ஆறு. ஆனால் அந்தக் களிமண்ணில் கோடாரியை விட்டுப்போனவர் தமிழர் இல்லை. இந்தியரும் இல்லை. நம்மைப் போன்ற மனிதர்கூட இல்லை. நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகள் என்று இன்று கருதப்படும் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் எலும்புகளுக்கே 3 லட்சம் ஆண்டுதான் வயது. அந்த 9 மீட்டர் அகழ்வுச் சுவரை, ஒரே சீராக மண் படிந்ததாகக் கற்பனை செய்துகொண்டு அளந்தால், கீழடியிலிருந்து இன்றுவரை உள்ள 2,600 ஆண்டு ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர்தான் தேறும். என் சுண்டுவிரலின் கனம். நம் எழுத்து, நம் சண்டை, நம் சாமிகள், எல்லாம் அதற்குள்.

2018 கட்டுரை சொன்னது வேறு. ஏறத்தாழ 3,85,000 ஆண்டுக்கு முன் அத்திரம்பாக்கத்தில் பெரிய கைக்கோடாரிகள் குறைந்து, முன்கூட்டியே திட்டமிட்டு ஒரு மூலக்கல்லைப் பண்படுத்தி, அதிலிருந்து வேண்டிய வடிவில் சில்லைப் பெயர்க்கும் லெவலுவா முறை தொடங்குகிறது. அந்த எண்ணிலும் கிட்டத்தட்ட 64,000 ஆண்டு முன்பின் இருக்கலாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்மையைக் கும்பிடத் தோன்றுகிறது. இம்முறையை ஆப்பிரிக்காவிலிருந்து நம் இனம்தான் வெளியே கொண்டுவந்தது என்று நினைத்தவர்களுக்கு இது முள். இங்கே இருந்த வேறோர் இனம் தானாகவே கண்டறிந்ததா? நினைத்ததைவிட வெகு முன்னால் யாராவது வந்து சேர்ந்தார்களா? விடை சொல்ல எலும்பு இல்லை. செம்புரை மண் எலும்பைத் தின்றுவிடும். இந்தியா முழுவதிலுமே அந்தப் பழைய மனிதர்களின் தலையோடு என்று சொல்லத்தக்கது, 1982இல் நர்மதைக் கரையில் ஹத்னோராவில் அருண் சோனாகியா கண்டெடுத்த ஒன்றுதான். அது எந்த இனம் என்ற வழக்கும் தீரவில்லை.

ஆக, பூஷே தெ பெர்த் நின்ற இடத்தில்தான் நாமும் நிற்கிறோம். கோடாரி இருக்கிறது, கை இல்லை. அவருக்கு வந்த ஆசை நமக்கும் வரும். அந்தக் காலி இடத்தை நம் முகத்தால் நிரப்பிவிட வேண்டும் என்ற ஆசை 200 பிராங்க்கைவிட வலிமையானது.

அந்தக் காலி இடத்தில் என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் ஒரு மார்கழிக் காலையில் போனேன். பூண்டி அகழ்வைப்பகத்தில் கண்ணாடிக்குள் அடுக்கிய கோடாரிகளை வெகுநேரம் பார்த்துவிட்டு, நீர்த்தேக்கத்தைத் தாண்டி அத்திரம்பாக்கம். முள்ளும் சிவந்த மண்ணும், ஓடை அறுத்துப்போட்ட கரைகளும். நான் படித்ததெல்லாம் அங்கே நின்றபோது கண்முன் வந்தது. அடிக் களிமண்ணில் கருவிகளுக்கிடையே மாட்டுக் குளம்பு போன்ற தடங்கள் கிடைத்திருக்கின்றன. விலங்குகளின் புதைபடிவப் பற்களும் கிடைத்தன. கோடாரிகளுக்கான பெரிய சில்லுகள் அங்கே பெயர்க்கப்பட்டவை அல்ல. வேறிடத்தில் உடைத்து, ஓரளவு செதுக்கி, கையோடு சுமந்து வந்திருக்கிறார்கள். ஓடைக்குப் போனால் இது வேண்டியிருக்கும் என்று மலைப்பக்கத்திலேயே நினைத்த ஒரு மனம். நாளையைப் பற்றிய கவலை. அந்தக் கவலையை எனக்குத் தெரியும். அந்த மனத்துக்குப் பெயரிட எனக்கு உரிமை இல்லை, ஆனால் அந்தக் கவலையை எனக்குத் தெரியும்.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்றார்.

“கல்லு பாக்க வந்தீங்களா சார்?”

“ஆமாங்க ஐயா.”

“மழ பேஞ்சா நெறைய மேல வரும். வர்றவங்க ஆளுக்கொண்ணு எடுத்துனு போயிடுறாங்க.” கோலை ஊன்றிக்கொண்டு கரையைப் பார்த்தார். “தோண்டுனாங்களே, அவங்க அப்டி இல்ல. ஒரு கல்லு தெரிஞ்சா அத அசைக்கவே மாட்டாங்க. சுத்தி பிரஷ்ஷால தட்டுவாங்க, நூலு கட்டுவாங்க, படம் வரைவாங்க. அப்புறம்தான் தொடுவாங்க.”

“இதெல்லாம் யார் செஞ்சதுன்னு நெனைக்கிறீங்க?”

“எங்க பாட்டன் காலத்துல இல்ல,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அவனுக்கும் தண்ணி வேணும்ல. அதான் இங்க வந்திருக்கான்.”

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். பேசிக்கொண்டே குனிந்து ஒன்றை எடுத்திருக்கிறேன். உள்ளங்கையை நிறைக்கும் கல்; ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சில்லு பெயர்ந்த பள்ளங்கள், ஓரம் இன்னும் கூர். கட்டைவிரல் தானாகவே ஒரு பள்ளத்தில் போய்ப் பொருந்தியது. என்னை அறியாமல் பைப்பக்கம் கை போயிற்று. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பக் குனிந்தேன். கல் கிடந்த குழி மண்ணில் அச்சாக இருந்தது. அடியில் ஈரம் காயவில்லை, வெள்ளையாக ஒரு புல்வேர் நெளிந்து கிடந்தது. கல்லை அதற்குள் வைத்தேன். பொருந்தவில்லை. திருப்பி வைத்தேன். பிறகு இன்னொரு முறை. எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று நான் பார்த்திருக்கவில்லை.